பொறுத்துக்கோ என்று சொன்னேன்

மே மாதம் பிறந்தால், பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். பத்து வருடத்துக்கும் மேலாக அப்படி உட்கார்ந்திருக்கிறேன். நான் ஆசிரியை இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. படிவம் நிரப்புவது எனக்குக் கைவந்த வேலை. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் வருவார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று விருப்ப வரிசையைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதில் ஒரு எண் முன்பின்னாகப் போனாலும் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடும். அதற்காகத்தான் என்னிடம் வருவார்கள்.

ஆரம்பத்தில் தேவாலயத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பிறகு அவர்கள் வீட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், அவர்களுக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் என்று கூட்டம் பெருகியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது, நேர்காணலில் எப்படி உட்காருவது, ஹாஸ்டலுக்கு எத்தனை வாளி எடுத்துப் போவது என்று எல்லாம் சொல்லுவேன். திரும்பத் திரும்பச் சொல்ல அலுத்துப்போய், ஒரு வருடம் அதையெல்லாம் பன்னிரண்டு குறிப்புகளாக ஒரே தாளில் எழுதினேன். முன்பக்கம் ஆங்கிலம். பின்பக்கம் கன்னடம், பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக் கொடுத்தது. எங்களிடம் வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரிந்தது கன்னடம்தான். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பேன். யாரோ போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட, அது எங்கெங்கோ போயிற்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மாவுக்கு மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை. காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். வாசலில் நின்று சீருடை மேல்கோட்டைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கணவன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டதாகவும் இரண்டு பெண்கள் என்றும் அவளே சொன்னாள். வந்தது மூத்தவள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கில் ஒரே ஒரு மார்க்தான் போயிருந்தது.

"எங்க போச்சு அந்த ஒண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியும் ஆன்ட்டி. எழுதிட்டு வெளிய வந்ததுமே தெரிஞ்சுடுச்சு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் தெற்றியிருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. ஒரு நோட்டுத் தாளில் கல்லூரிகளின் வரிசையைத் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முதலில் இருந்தது ஊருக்குள்ளேயே ஒரு கல்லூரி. வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். இரண்டாவதாக, மலைநாட்டுப் பக்கம், பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஒரு கல்லூரி. பெயர் பெற்றது, ஹாஸ்டலோடு.

"இது ரெண்டாவதா?" என்றேன்.

"வீட்லருந்து போயி வரலாமே ஆன்ட்டி, அதான் இத முதல்ல போட்டேன்."

அப்போது நான் என் கதையை அவளிடம் சொன்னேன். பதினெட்டு வயதில் எனக்குக் கடலோர ஊர் ஒன்றில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. பெண்பிள்ளை தனியாக எப்படி இருப்பாள் என்று அப்பா அனுப்பவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் வேலை. அதே தெருவில் கல்யாணம். ஐம்பது வயதாகியும் ஒரு ராத்திரிகூட நான் தனியாக எங்கும் தங்கியதில்லை. இதை யாரிடமும் அப்படி விரிவாகச் சொன்னதில்லை. அவள் கண் எடுக்காமல் கேட்டதால் சொல்லிக்கொண்டே போனேன்.

"வீட்டை விட்டு வெளிய போனாத்தான் நீ யாருன்னு உனக்கே தெரியும்," என்று முடித்தேன். அவளுடைய தாளில் ஒன்றை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் மாற்றி எழுதினேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

மலைநாட்டுக் கல்லூரியே கிடைத்தது. அவள் புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை கூடத்துக்கு வந்தாள். பன்னிரண்டு குறிப்புகளையும் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாவது குறிப்பு இது: முதல் சில மாதங்கள் வீட்டு ஞாபகம் வரும், உடம்பு சரியில்லாதது போலக்கூடத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டுக்குப் போன் செய்து பெற்றோரைக் கவலைப்பட வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொன்னேன். ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து படிப்பை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"ஓடி வர மாட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் போன் செய்தாள். நான் அலுவலகம் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன், தோளில் பை. பக்கத்தில் யாரோ கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, உடம்பெல்லாம் வலிக்குது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. வீட்டுக்கு வரணும்போல இருக்குது," என்றாள்.

"இன்டர்னல் எப்போ?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஆரம்பிக்குது. நாலு நாள்."

"பாத்தியா. பரீட்சை வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நான் சொல்லியிருக்கேன் இல்ல? பொறுத்துக்கோ. இன்டர்னல முடிச்சிட்டு வா. வந்து ஒரு வாரம் இரு, யாரு வேணாம்னாங்க."

பஸ் இரைச்சலில் லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதா?" என்றேன்.

"கேக்குது ஆன்ட்டி. சரி ஆன்ட்டி," என்றாள்.

நாலு நிமிடம் சில நொடி என்று அந்த அழைப்பின் நேரத்தைப் பிறகு போனில் பார்த்தேன். அந்த நாலு நிமிடத்தில் ஜுரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அவள் இரண்டு பரீட்சை எழுதினாள். மூன்றாவது நாள் காலை குளியலறையில் விழுந்துகிடந்தாள். டெங்கு. முதலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து அவள் அம்மா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கிருந்தே வண்டி வைத்துக் கொண்டுவந்தார்கள். ஹாஸ்டல் பக்கம் வீட்டார் யாரும் போகவில்லை. அவளுடைய துணிமணியையும் புத்தகங்களையும் கூடப் படித்த பெண் ஒருத்தி பையில் கட்டிப் பஸ்ஸில் போட்டு அனுப்பினாள்.

நான் ஸ்ரீராம்புரம் போனேன். சந்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத அளவுக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இந்த மேடம்தான்," என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னாள். "இவங்கதான் என் பொண்ணுக்கு எல்லாம் பண்ணாங்க. பெத்தவ மாரி பண்ணாங்க." யாரோ எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். காபி கொடுத்தார்கள். அதைக் குடித்தேன். அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கதவோரம் பதினைந்து வயதில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இளையவள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருடத்துக்குப் பிறகு முழங்கால் வலி என்று சொல்லிக் கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். என் கணவரிடம் மட்டும் போன் விஷயத்தைச் சொன்னேன். "நீ டாக்டரா? உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது டாக்டர் விஷயம் எதுவும் இல்லை. ஜுரமா என்று ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

அவள் எனக்குக் கனவில் வரவில்லை. வந்தது என் குரல்தான். பாத்திரம் துலக்கும்போது, சர்ச்சில் முழங்காலிட்டிருக்கும்போது, அலுவலகத்தில் யாராவது எதற்காவது காத்திருக்க நேர்ந்தால், என் தொண்டைக்குள் "பொறுத்துக்கோ" என்று என் குரல் கேட்கும். அந்தச் சொல்லை நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ் வரும், பொறுத்துக்கோ. சாப்பாடு ஆகட்டும், பொறுத்துக்கோ. அதை வாயிலிருந்து எடுக்கப் பார்த்தேன். வேறு சொல் சட்டென்று வராமல் பாதியில் நின்றுபோவேன். எதிரில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவளுடைய எண்ணை நான் அழிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவள் படம் இருந்தது, கல்லூரி வாசலில் நின்று எடுத்தது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். ஒரு நாள் அந்த இடத்தில் மோட்டார் பைக்கில் சாய்ந்து நிற்கும் ஒரு ஆள் இருந்தார். எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவள் இரண்டாவது முறை போனது போல இருந்தது.

அதைவிட மோசமானது அந்தத் தாள். அது நிற்கவே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒருவர் எனக்கே அதை அனுப்புவார்கள். தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கொடுங்கள், மிகவும் பயனுள்ளது என்று மேலே எழுதியிருக்கும். அதில் என் பெயர் கிடையாது. நான் எழுதியது என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது. ஏழாவது குறிப்பு அப்படியே இருக்கும்.

போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மாவும் இளைய பெண்ணும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"சின்னவ பன்னெண்டாவது முடிச்சிட்டா மேடம். நீங்க கூடத்துக்கு வர்றதில்லன்னு சொன்னாங்க. அதான் வூட்டுக்கே வந்துட்டோம். எங்க சேக்கறது இன்னா படிக்க வெக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நான் இப்போ அதெல்லாம் பண்றதில்லம்மா," என்றேன்.

"எங்களுக்கு வேற யாரு இருக்காங்க மேடம்?"

இளையவள் அக்காவைப் போல இல்லை. அகலமான தோள், வெட்டிவிட்ட முடி, விரல் நகங்களுக்குள் கருப்பாக எண்ணெய் அழுக்கு. சந்தில் யார் வீட்டு டேபிள் ஃபேன் நின்றாலும் மிக்சி நின்றாலும் இவள்தான் பிரித்துப் பார்ப்பாளாம். அம்மா பாதி பெருமையாகவும் பாதி குறையாகவும் சொன்னாள்.

"உனக்கு என்ன படிக்கணும்?" என்று அவளைக் கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன் ஆன்ட்டி. முதல்ல அக்கா இருந்த ரூம பாக்கணும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "இதையேதான் சொல்லிக்கினு இருக்கா மேடம். அத பாக்காம எங்கியும் சேர மாட்டேன்றா."

"பாத்து என்ன பண்ணப் போறே?"

"தெரியல," என்றாள். "எங்க வீட்ல யாருமே பாத்ததில்ல. அவ எங்க படுத்திருந்தான்னுகூட எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பெண்ணை நான்தான் அங்கே அனுப்பினேன். நானும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. கல்லூரியின் பெயரும் அதன் தர வரிசையும்தான் எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில், எவ்வளவு தூரம், நோயில் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று எனக்கு எதுவும் தெரியாது. "நானும் வரேன்," என்று சொல்லிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து மூன்று பேரும் கிளம்பினோம். அம்மாவும் நானும் ஒரு இருக்கையில். இளையவள் முன்னால் ஜன்னலோரம் தூங்கிப்போனாள். தும்கூரு தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டியது. அடுத்த ஊர் தாண்டியது. டீ குடிக்க வண்டி நின்றபோது, கையில் டம்ளரோடு, பஸ்ஸின் பக்கவாட்டில் நின்று சொன்னேன்.

"அவ விழறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணா. உடம்பு வலிக்குது, வீட்டுக்கு வரணும்னு சொன்னா. நான் பரீட்சைய முடிச்சிட்டு வான்னு சொல்லிட்டேன்."

அவள் டீயை ஊதினாள். ஒரு வாய் குடித்தாள்.

"தெரியும் மேடம்," என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"உங்ககிட்ட பேசிட்டு உடனே எனக்குத்தான் போன் போட்டா. ஆன்ட்டி முடிச்சிட்டு வரச் சொன்னாங்கம்மா, நீ இன்னா சொல்றேன்னு கேட்டா. ஜுரம் அடிக்குதுன்னும் சொன்னா. மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும், மாத்திரைய போட்டுக்கினு எழுதுன்னு நான் சொன்னேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்ககிட்ட இத சொல்லல. சொன்னா நீங்க நொந்துக்குவீங்கன்னுதான். நீங்களும் என்கிட்ட அதுக்குத்தான் சொல்லல போல."

அவள் சொன்னதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் என்னிடம் கேட்டு முடிந்ததும் இன்னொரு கதவையும் தட்டியிருக்கிறாள். அந்தக் கதவும் என் பேரைச் சொல்லியே சாத்தியிருக்கிறது. வண்டி ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்தோம். மீதி வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நான்தான் பிடித்திருந்தேனோ என்னவோ.

நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். லேசாக மழை. ஹாஸ்டல் கல்லூரிக்குப் பின்னால் ஒரு மேட்டில் இருந்தது. வார்டன் புதிதாக வந்தவர், நடுவயதுப் பெண்மணி. அம்மா கன்னடத்தில், தன் மூத்த மகள் இங்கே படித்தாள், சின்னவளைச் சேர்ப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வந்தோம் என்று மட்டும் சொன்னாள். நோயில் படுத்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர், ஆட்டோவைக் கூப்பிட வேண்டும், பிள்ளைகள் வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் என்றார். அவர் மறைக்காமல் சொன்னார். முன்னமே கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பார்கள்.

வார்டன் பழைய பதிவேட்டில் தேடிச் சொன்னது இரண்டாவது மாடியில் கடைசி அறை. மூன்று கட்டில்கள். ஜன்னலுக்கு வெளியே பாக்கு மரங்கள். கயிற்றில் ஈரத் துணிகள் தொங்கின. ஒரு பெண் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, புத்தகங்களை ஒதுக்கி, உட்காரச் சொன்னாள். டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டினாள். சிக்கமகளூர் பக்கத்துப் பெண். எந்தக் கட்டில் மூத்தவளுடையதாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா மூன்று கட்டில்களையும் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் இருந்ததில் மெதுவாக உட்கார்ந்தாள். விரிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

இளையவள் அறையைச் சுற்றி நடந்தாள். சுவிட்சு, மேசை, ஜன்னல் கொக்கி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். அலமாரியைத் திறக்கலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரம் பழுத்து, ஈரத்தில் மை பரவி, கன்னடப் பக்கம் வெளியே தெரியும்படி. பன்னிரண்டு குறிப்புகள்.

"இது உங்களுதா?" என்று இளையவள் கேட்டாள்.

"இல்ல, நான் வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு," என்று அந்தப் பெண் கன்னடத்தில் சொன்னாள். "யாரோ ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நல்லா எழுதியிருக்கு. வந்த புதுசுல தினம் படிப்பேன்."

இளையவள் தாளை மேலிருந்து கீழே படித்தாள். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "உங்களுக்கு இங்க ஜுரம் வந்திருக்கா?"

"வந்துச்சே, போன மழையில. அஞ்சு நாள்."

"வீட்ல சொன்னீங்களா?"

அந்தப் பெண் சிரித்தாள். கையை நீட்டி ஏழாவது குறிப்பைத் தொட்டுக் காட்டினாள். "வேணாம்னு போட்டிருக்கே."

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் கன்னடம் அவ்வளவு சுத்தமில்லை. இருந்தாலும் சொன்னேன்: "இதை எழுதினது நான்தான்மா. ஏழாவது தப்பு. ஜுரம் வந்தா அன்னைக்கே வீட்ல சொல்லு. வீட்டுக்குப் போகணும்னு தோணினா போ. பரீட்சை போனாப் போகட்டும்." சொல்லிக்கொண்டே தாளை உரித்தேன். பசை காய்ந்திருந்ததால் துண்டு துண்டாகத்தான் வந்தது. கடைசித் துண்டுகளை இளையவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணும் இந்த ரூம்லதான் இருந்தாங்களா ஆன்ட்டி? இப்ப எங்க இருக்காங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அம்மா அவள் தலையைத் தடவினாள். "பெங்களூர்லதான் இருக்கா," என்றாள். "நீ உங்கம்மாவுக்கு ஒரு போன் போடேன். சும்மா. எங்க முன்னாடியே போடு."

அவள் போட்டாள். மறுமுனையில் அவளுடைய அம்மா என்ன ஏது என்று பதறுவது எங்களுக்கே கேட்டது. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கிளம்பினோம்.

திரும்பி வர பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது இளையவள் வாயைத் திறந்தாள். "நான் இங்க சேர வரல ஆன்ட்டி. பாக்கத்தான் வந்தேன். எனக்கு டூல் அண்ட் டை டிப்ளமோ பண்ணணும். பொம்மசந்திரா பக்கத்துல ஒரு டிரெய்னிங் சென்டர் இருக்குது. லேத், மில்லிங்னு இரும்பக் கடைஞ்சு சாமான் பண்றதெல்லாம் சொல்லித்தர்றாங்க. மெட்ரோல போயி சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"பன்னெண்டாவது படிச்சிட்டு பேக்டரில போயி நிக்கப் போறியா?" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மேடம்."

எனக்கு அதில் அபிப்பிராயம் இருந்தது. இவள் மார்க்குக்கு இன்ஜினியரிங் கிடைக்கும். டிப்ளமோவை விட அது மேல் என்று பத்து வருடமாகப் பிள்ளைகளிடம் சொன்னவள் நான். "அங்க போயி பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். மெஷினுக்குப் பக்கத்துல நிக்க விட்டாங்க."

"அடிபட்டா, உடம்பு முடியலைன்னா யாரு பாப்பாங்க?"

"உள்ளயே நர்ஸ் இருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரி ரெண்டு ஸ்டாப் தள்ளி."

"அப்போ உங்கம்மாவக் கூட்டிட்டுப் போயி காட்டு. அவங்க பாக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. என் பேரை அதுல இழுக்காதீங்க."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. என்னை நம்பிவந்த ஒருத்தியை நடுவில் விட்டுவிட்டேனோ என்று எனக்கும் உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது. சொல்லாமல் இருப்பதும் ஒரு விதத்தில் தப்பித்துக்கொள்வதுதான்.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். ஆகஸ்டில் அவள் சேர்ந்தாள். நான் இந்த வருடம் மறுபடி கூடத்தில் மேசை போட்டேன். பிள்ளைகள் முன்பு போலவே வருகிறார்கள். அச்சடித்த தாள் எதுவும் கொடுப்பதில்லை. யாருடைய வரிசையையும் மாற்றி எழுதுவதில்லை. கேள்விதான் கேட்கிறேன். அங்கே போய்ப் பார்த்தாயா, அங்கே படிக்கும் யாரையாவது தெரியுமா, திரும்பி வரவேண்டும் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. எது நல்ல காலேஜ் என்று சொல்லாத இவள் எதற்கு என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். பழைய தாள் இப்போதும் போன்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அனுப்புகிறவர்களுக்கெல்லாம் ஏழாவது தவறு என்று பதில் போடுகிறேன். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை.

போன மாதம் டிரெய்னிங் சென்டரில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய கொட்டகை, வரிசையாக மெஷின்கள், எண்ணெய் வாசனை. இளையவள் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு லேத்தின் முன்னால் நின்றிருந்தாள். தான் செய்தது என்று உள்ளங்கையில் ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு முனை உருண்டை, மறு முனை ஆறு பட்டை, கண்ணாடி போலப் பளபளத்தது.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எதுக்கு?" என்றாள்.

"எதுக்கும் இல்லம்மா. அளவு சரியா வருதான்னு பாக்க."

"வந்துச்சா?"

"கொஞ்சம் போயிடுச்சு. தலைமுடில பாதிகூட இருக்காது. மறுபடி பண்ணணும்."

அம்மா அதைத் திருப்பிக் கொடுக்காமல் முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். பக்கத்து மெஷின் ஓட ஆரம்பித்ததில் அவள் அடுத்து சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இளையவள் குனிந்து, அம்மாவின் வாயருகே காதை வைத்து, என்னம்மா என்று கேட்டாள்.